போவதற்கு முன்பே வந்தவர்

தணிகாசலம் பெல்ஜியம் நாட்டுக் கார் பந்தயத்தைப் பார்த்துவிட்டு உப்பங்கரைக் காலனிக்குத் திரும்பி, பறை முழங்க, கழுத்துக் கொள்ளாத மாலையோடு ஊர்வலமாகத் தன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, அதே தணிகாசலம் வீட்டுக்குள் பனியனோடு உட்கார்ந்து, பயணத்துக்காக வாங்கிய புதுப் பெட்டியின் பூட்டு சரியாக விழுகிறதா என்று திறந்தும் மூடியும் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஊர்வலத்தில் வந்தவர்கள் வாசலில் நின்றவரைப் பார்த்தார்கள், உள்ளே இருந்தவரைப் பார்த்தார்கள். பறையடித்தவர்கள் மட்டும் நிறுத்தாமல் அடியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்கள். யாரும் பதறவில்லை. வருகிறார் என்று சுவர் சொல்லியிருந்தது, வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அவர் மனைவி வேதவல்லி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வெளியே வந்து, ஒருவரையும் மற்றவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஸ்டிரைக் பண்ணாம இருந்தா சரி," என்றாள். "உள்ள வா. ஷூவை வெளியவே கழட்டு."

வந்தவரின் ஷூவில் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. உப்பும் மணலுமான அந்தப் பக்கத்தில் எங்கும் கிடைக்காத சேறு. அதில் ஊசி போன்ற இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

இது எப்படி நடந்தது என்று கேட்பவர்களுக்கு உப்பங்கரைச் சங்கத்தின் பழக்கம் தெரிந்திருக்க வேண்டும். டயர் தொழிற்சாலை ஓடிய காலத்திலும், அது கதவை அடைத்த பிறகும், நிலம் கை மாறி அதன் மேல் நீச்சல்குளத்தோடு அடுக்குமாடிகள் எழும்பிய பிறகும், நிர்வாகத்தோடு பேசப் போவதற்கு முன்பே சங்கம் இரண்டு போஸ்டர்களை அச்சடித்து வைத்துவிடும்: ஒன்று வெற்றி, ஒன்று கண்டனம். பேச்சுவார்த்தை முடிந்து தலைவர்கள் காரில் ஏறுவதற்குள் சுவர் பேசிவிட வேண்டும் என்பது கணக்கு. ஒவ்வொரு முறையும் கண்டனக் கட்டு சுவருக்குப் போகும். வெற்றிக் கட்டு வீட்டுக்கு வீடு அலமாரி விரிப்பாகவும் பாடப்புத்தக அட்டையாகவும் போகும். மாபெரும் வெற்றி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த அட்டைக்குள்தான் உப்பங்கரையின் இரண்டு தலைமுறை வாய்ப்பாடு படித்தது. பத்திரிகை பொய் சொல்லும், தலைவர் பொய் சொல்வார், சுவர் சொல்லாது என்று காலனி நம்பியது. கதவடைப்பு என்று சுவர் சொன்னால் வீட்டில் இருப்பார்கள். இரங்கல் என்று சொன்னால், ஆள் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாலும், போய் மாலை போட்டுவிட்டு வந்துதான் மறுவேலை பார்ப்பார்கள்.

ஆகவே தொழிற்சாலையை மூடியதற்கு எதிரான வழக்கு ஓடி ஓடி, வழக்குப் போட்டவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்த பிறகு தீர்ப்பு வந்து, தணிகாசலத்துக்கு நஷ்டஈடு கிடைத்து, அவர் அதை வீட்டிலும் போடாமல் வட்டிக்கும் விடாமல் ஐரோப்பாவுக்குப் போய் ஒரு கார் பந்தயம் பார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது, சங்கம் அதையும் தன் வழக்கப்படிதான் ஏற்றுக்கொண்டது. போக ஒரு போஸ்டர், வர ஒரு போஸ்டர். இரண்டிலும் ஒரே படம். ஒட்ட வேண்டியவர் ஏகாம்பரம். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து பசை வாளி அவர் கையில்தான். இரண்டு கட்டும் முன்னால் கிடந்தபோது அவர் எடுத்தது வரவேற்புக் கட்டு. தவறி எடுத்தார் என்று சங்கம் பிற்பாடு தீர்மானம் எழுதிவைத்தது. ஏகாம்பரத்தைக் கேட்டால் வேறு சொல்வார்.

"இந்தக் கையால கண்டனம் ஒட்டியிருக்கேன், கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கேன், கதவடைப்பு ஒட்டியிருக்கேன்," என்பார். "ஒருத்தன் ஜெயிச்சிட்டு வரான்னு ஒட்டினதே இல்ல. ஒரு தடவை ஒட்டிப் பாக்கணும்னு இருந்துச்சு. ஒட்டினேன். சுவரு இழுத்துக்கிச்சுப்பா, பசையே வேணாங்கற மாதிரி."

மாலையில் காலனி பூமாலையோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனது. பஸ் வந்தது. தணிகாசலம் இறங்கினார்.

---

அந்தப் பந்தயத்தின் மேல் அவருக்கு எப்படி ஆசை வந்தது என்பதைக் காலனியில் அறியாதவர் கிடையாது. இளம் வயதில், முதல் பெரிய வேலைநிறுத்தத்தில் சிறைக்குப் போனபோது, அங்கே படிக்கக் கிடைத்தது அட்டை கிழிந்த ஒரு வெளிநாட்டுப் படப் பத்திரிகைதான். நடுப்பக்கம் முழுக்க ஒரே படம்: காட்டுக்குள் மேடேறிப் போகும் ஒரு பாதை, மழை, ஒரு கார், அதன் டயர் தண்ணீரைப் பிளந்து வாரி இறைக்கிற இறைப்பு. தணிகாசலம் டயர் கட்டுகிற தொழிலாளி. உருளையின் மேல் துணியையும் ரப்பரையும் அடுக்கடுக்காகச் சுற்றி, கையால் அழுத்தி, தைத்த சட்டையைப் போல ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து அனுப்புகிறவர். அவர் கட்டிய டயர்கள் லாரிக்கும் டிராக்டருக்கும் போயின. கரும்பு ஏற்றின, மணல் திருடின, மொட்டையாகி ஊஞ்சலாகத் தொங்கின. ஒரு டயர் தன் முழு மூச்சையும் பிடித்து ஓடி அவர் பார்த்ததில்லை. அந்தப் படத்தில்தான் பார்த்தார். டயர் என்றால் இதற்காகத்தானா என்று நினைத்தார். மழைக் காலத்தில் அந்த மேட்டில் நின்று, அந்தத் தண்ணீர் தன் முகத்தில் அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். தலைவர்கள் மாறினார்கள், சங்கம் உடைந்தது, உடைந்தது மறுபடியும் உடைந்தது, கொடியின் நிறம் வெளுத்தது, ஆசை மட்டும் வெளுக்கவில்லை.

இப்போது அந்தத் தண்ணீர் வேறொருவர் முகத்தில் அடித்துவிட்டது, அவரும் தணிகாசலமாகவே இருந்தார்.

காலனி ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது. ஒருவரை வந்தவர் என்றார்கள், மற்றவரைப் போகவேண்டியவர் என்றார்கள். ரேஷன் கடைக் கருவியில் இருவரின் விரலும் ஒன்றாகவே விழுந்தது. "மெஷினுக்கு நீங்க ஒருத்தர்தான், அரிசியும் ஒருத்தருக்குத்தான்" என்று கடைக்காரர் சொல்ல, வேதவல்லி கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினாள். சங்கத்தில் இருவருக்கும் ஓட்டு உண்டா என்ற கேள்வி எழுந்து, இருவரும் கை தூக்கினால் ஒன்று, ஒருவர் தூக்கி மற்றவர் தூக்காவிட்டால் நடுநிலை என்று முடிவானது. பாஸ்போர்ட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெட்டியின் உள்பையில் இருந்தது காணாமல் போய், வந்தவரின் சட்டைப் பையில் இருந்தது. அதில் இனி வரப்போகும் தேதிகளில் போனதற்கும் வந்ததற்கும் முத்திரை அழகாக விழுந்திருந்தது.

மாலையானால் வந்தவர் டீக்கடையில் உட்கார்ந்து பந்தயத்தைச் சொன்னார். காடு, மேடு, மழை, கார், தண்ணீர். கேட்டவர்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள். போகவேண்டியவர் அந்தப் பக்கமே போகவில்லை. வழியில் அகப்பட்டுக்கொண்டால் காதில் விரலை விட்டுக்கொண்டு வேகமாக நடந்தார். போராடாமலே வெற்றி மேடை ஏறுகிறவர்களை அவர் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறார், ஒருவரையும் மன்னித்ததில்லை. தன் முகத்தோடு ஒருவன் ஏறுவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அவரு எப்பிடி?" என்று ஒருநாள் வேதவல்லியிடம் கேட்டார், வேறெங்கோ பார்த்தபடி.

"நல்லவராத்தான் இருக்காரு. குழம்புல உப்பு இல்லைன்னாலும் பேசாம துன்றாரு. தண்ணி லாரி வரலைன்னா கம்முனு குடத்த எடுத்துகினு திரும்பிடறாரு, யார்கிட்டயும் சண்டை போடல." அவள் முறத்தைத் தட்டினாள். "அதான் எனக்குப் பயமா கீது."

டீக்கடையில்தான் முதல் விரிசல் விட்டது. சங்கச் செயலாளர் கவுஸ் பாய்க்கு எதையும் முடிவோடு கேட்டுத்தான் பழக்கம். பாதியில் விடுகிற பேச்சு நிர்வாகத்தின் பேச்சு என்பார்.

"எல்லாம் சரி தணி. யார் ஜெயிச்சா?"

வந்தவர் டீயை ஊதினார்.

"மழை பாய். ஒண்ணும் தெரியல."

"மழைல ஒருத்தன் ஜெயிச்சிருப்பான் இல்ல? எந்த கலர் வண்டி? அத்தயாவது சொல்லு."

"கலர்லாம் சேத்துல மறைஞ்சிடுச்சு."

"காலைல சிவப்பு வண்டின்னே," என்றது ஒரு குரல். "நேத்து நீலம்," என்றது இன்னொன்று. யாரோ சிரித்தார்கள். வந்தவர் சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

---

மறுநாள் பிற்பகல், உப்புக் கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போகவேண்டியவர் உட்கார்ந்திருந்தபோது, வந்தவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். போகவேண்டியவரின் விரல் காதுக்குப் போனது.

"வேணாம், எடு," என்றார் வந்தவர். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. நான் பாக்கல."

"என்னத்த பாக்கல?"

"எதையும். எனக்கு ஏர்போர்ட்டு வெளிக் கதவுலேர்ந்துதான் ஞாபகம். அதுக்கு முன்னாடி ஜெயில்ல பாத்த படம். நடுவுல ஒண்ணும் கிடையாது. காதுல ஒரு ரீங்காரம் இருக்கு, எது போட்ட சத்தம்னு தெரியல. ஷூவுல சேறு இருக்கு, எந்த மேட்டுல நின்னேன்னு தெரியல. வந்தது மட்டும் நான். போனது யாருமில்ல."

"டீக்கடைல அவ்ளோ சொன்னியே."

"அந்தப் படத்தையே இழுத்து இழுத்துச் சொன்னேன். நீயா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பே. மாலை போட்டவன் மூஞ்ச பாத்து இல்லைன்னு எப்பிடிச் சொல்றது?"

கால்வாயில் அனல்மின் நிலையம் விட்ட வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாரை நிற்க இடம் தேடிக் கால் மாற்றிக்கொண்டது.

"அதவிட மோசம் ஒண்ணு," என்று வந்தவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஆசை போயிடுச்சு. வந்துட்டவனுக்கு அது எதுக்குன்னு எடுத்துக்கிட்டாங்க போல. காலைல எந்திரிச்சா ஒண்ணுமே தோண மாட்டேங்குது. சண்டை போடக்கூடத் தோணல. நீ அந்தப் பெட்டியத் தொறந்து தொறந்து மூடறத உள்ளேர்ந்து பாத்துட்டு இருக்கேன். எனக்கு உம்மேல பொறாமைப்பா."

போகவேண்டியவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். தன்னுடைய அதே மூக்கு, லத்தி பட்டுப் பிளந்த அதே புருவம். அதன் கீழே கண்கள் மட்டும் கதவடைத்த தொழிற்சாலையைப் போல இருந்தன. இவனை இத்தனை நாள் எதிரி என்று நினைத்தோமே என்று அவருக்கு ஒரு மாதிரி இருந்தது.

"நீ போ," என்றார் வந்தவர். "நீ பாத்தாத்தான் நான் பாத்தவன்."

---

சங்கத்தின் பொதுக்குழு கூடியது. போகவேண்டியவர் போகிறேன் என்றார். வழியனுப்பு போஸ்டர் ஒட்டப்பட வேண்டும் என்றார். அப்படி ஒட்டாமல் போனால் அது காலனி அறியாத பயணம், ஓடிப்போனதற்குச் சமம்.

"போயிட்டு வந்தாச்சேப்பா," என்றார் கவுஸ் பாய். "ஊரே மாலை போட்டுச்சு. இனி எதுக்குப் போறது? தீர்ப்பு வந்த கேஸுக்கு யாராவது மனுப் போடுவாங்களா?"

"போற உரிமை இல்லாதவனுக்கு வர்ற மரியாதை மட்டும் எதுக்கு பாய்? போராடாம கிடைச்சத வாங்கிக்கோன்னு இந்தச் சங்கம் எப்பவாவது சொல்லியிருக்கா?"

கூட்டம் தலையாட்டியது. கவுஸ் பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அடுத்துச் சொன்னதை வாதத்துக்காகச் சொல்லவில்லை. குரலே வேறாக இருந்தது.

"தணி, நீ வர்றது ஏற்கெனவே நடந்துடுச்சு. சுவரு சொல்லிடுச்சு, நாங்க கூட்டியாந்துட்டோம். இப்ப நீ போனா எப்பிடித் திரும்புவே? உனக்குன்னு இருந்த வருகை அது ஒண்ணுதான். அந்தக் கட்டுல ஒரு தாள்கூட மிச்சமில்ல."

"இன்னொண்ணு அடிச்சா?" என்றது பின்வரிசை.

"ஒரு பேச்சுவார்த்தைக்கு ரெண்டு வெற்றியா? நம்ம சரித்திரத்துல ஒண்ணுக்கே வழியில்ல."

சிலர் சிரித்தார்கள், சிரிப்பு உடனே நின்றுபோனது. எல்லோருக்கும் அப்போதுதான் புரிந்தது. புரிந்தபின் காலனி செய்யக்கூடியதைச் செய்தது: ஓட்டுக்கு விட்டது. வேண்டாம் என்று கைகள் காடு போல எழுந்தன. போகலாம் என்று எழுந்தவை இரண்டு, இரண்டும் தணிகாசலத்தின் கைகள், விதிப்படி அவை ஒன்று.

தணிகாசலம் தன் வாழ்நாளில் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டவர், மற்றவர்களைக் கட்டுப்படுத்தியவர். தீர்மானத்தைத் தலைவணங்கி ஏற்கிறேன் என்று எழுந்து நின்று சொன்னார். வீட்டுக்கு வந்தார். பெட்டியைப் பரண்மேல் வைத்தார். பிறகு சாப்பிடவில்லை, அதை அவர் உண்ணாவிரதம் என்று அறிவிக்கவும் இல்லை.

வேதவல்லி பார்த்தாள், பொறுத்தாள், பிறகு ஒரு மதியம் அரிசி மாவும் மைதாவுமாகக் கலக்கிப் பசை காய்ச்ச ஆரம்பித்தாள்.

"யாருக்குப் பசை?"

"உனக்குத்தான். சங்கம் ஆம்பளைங்க வெச்சது. சுவரு எல்லாருக்கும் பொது." கரண்டியைச் சுழற்றியபடியே சொன்னாள். "ஜெயில்லேர்ந்து வந்து அந்தப் படத்தப் பத்திச் சொன்னப்பதான் உன்னக் கட்டிக்கலாம்னு தோணுச்சு. வேற இன்னா வெச்சிருந்தே நீ? அத்தயும் பரண்மேல போட்டுட்டா எனக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆயிடுவீங்க. ஒருத்தர வெச்சே ஓட்டிக்கறேன். நீ போ."

"வர முடியாதுன்னு பாய் சொல்றாரு."

"கேட்டேன்."

அவள் கரண்டியைத் தட்டி வைத்தாள்.

ஏகாம்பரம் ஏணியைத் தர மறுத்தார். வழியனுப்பு போஸ்டரைச் சுருட்டி மார்போடு பிடித்துக்கொண்டு, "அண்ணே, இது அஞ்சலி போஸ்டரு மாதிரி, நான் தொட மாட்டேன்" என்றார். பிறகு வந்தவரையும் போகவேண்டியவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கட்டைக் கீழே வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரில் வெயில் ஏறியிருந்த பட்டப்பகலில், எந்தப் போஸ்டரும் ஒட்டப்படாத நேரத்தில், ஒரு தணிகாசலம் ஏணியைப் பிடிக்க, ஒரு தணிகாசலம் ஏறி, வரவேற்கிறோம் என்பதற்குப் பக்கத்தில் வழியனுப்புகிறோம் என்பதை ஒட்டினார். காலனி ஜன்னல்களிலிருந்து பார்த்தது. சுவர் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு மறுக்க அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவராகக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கி வந்தார்கள். தீர்மானத்தை மறந்து, சால்வை போட்டார்கள். கவுஸ் பாய் ஒரு நீண்ட உரையைத் தொடங்கி, முதல் வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டு, சங்கம் வாழ்க என்று முடித்துக்கொண்டார்.

வாசலில் தணிகாசலம் பெட்டியோடு நின்றார். புறப்படுகிற எவரும் சொல்லும் அந்த ஒரு வார்த்தை, போயிட்டு வரேன், அவர் வாயில் வந்து நின்றது. பொய் சொல்லிப் பழகாத வாய். போறேன் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

"ஒண்ணும் சொல்லாத," என்றாள் வேதவல்லி. "சொல்லாமலே போ. மழைல தலைய நனைக்காத."

விமான நிலையத்தில் அதிகாரி, வந்தவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்த பாஸ்போர்ட்டைத் திறந்து, அன்றைய தேதியில் முத்திரை ஏற்கெனவே விழுந்திருப்பதைப் பார்த்து, தன் வேலையைத் தானே செய்து மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, போகச் சொன்னார்.

---

காடு, படத்தில் இருந்ததைவிடப் பச்சையாக இருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. மேட்டில் நெருக்கியடித்து நின்ற கூட்டத்தில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு கிழவரின் பக்கத்தில் தணிகாசலம் நின்றார், கறுப்புச் சேற்றில் ஷூ அமிழ. சத்தம் முதலில் காதுக்கு வரவில்லை, உள்ளங்காலுக்கு வந்தது. பிறகு முழங்காலுக்கு, பிறகு மார்புக்கு. பெரிய ஊர்வலம் ஒன்று தெருமுனை திரும்புமுன் இப்படித்தான் தரை சொல்லும். அவர் கண் இமைக்காமல் நின்றார், இரண்டு பேருக்காகவும் பார்க்க வேண்டியிருந்ததால். கார் வந்தது. டயர் வந்தது. நீரை அது மிதித்துப் பிளந்து, பிளந்த இரண்டு பக்கமும் கண்ணாடிச் சுவராக எழுந்து நிற்க, யாரோ ஒருவர் கையால் அடுக்கடுக்காகச் சுற்றி அழுத்தித் தடவி அனுப்பிய அந்தக் கறுப்பு வளையம், தன் முழு மூச்சையும் பிடித்து மேட்டில் ஏறிப் போனது. தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. அந்த நொடியில் உப்பங்கரை டீக்கடையில் ஒருவர் பேச்சை நிறுத்தி, முகத்தைத் துடைத்து, ஈரமான கையைப் பார்த்துக்கொண்டே, "மஞ்சள் வண்டி பாய், மஞ்சள்" என்று சொல்லியிருப்பார் என்பதில் தணிகாசலத்துக்குச் சந்தேகமில்லை.

பந்தயம் முடிந்தது. கூட்டம் கலைந்தது. ஆசையும் போய்விடும் என்று அவர் காத்திருந்தார். போகவில்லை. இத்தனை வருடம் ஒரு பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்த அது மெதுவாகத் திரும்பி, உப்புக் கால்வாயின் வெந்நீரையும், தண்ணீர் லாரிக்குப் போடும் சண்டையையும், பசை காய்ச்சும் ஒருத்தியின் முதுகையும் பார்த்து நின்றது. முன்பு இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. அவர் முகம் மழையிலும் தெரிகிற மாதிரி நனைந்திருந்ததைப் பார்த்து, மஞ்சள் கோட்டுக் கிழவர் தன் பிளாஸ்க்கின் மூடியில் சூடாக ஏதோ ஊற்றிக் கொடுத்து, தன் மொழியில் ஏதோ கேட்டார். எந்த ஊர் என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

தணிகாசலம் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஒன்றையும் விட்டுவிடாமல் தமிழில் சொன்னார்.

"சென்ட்ரல்ல இறங்கிடணும். பக்கத்துலயே கும்மிடிப்பூண்டி வண்டி நிக்கும், ஏறி கடல் பக்கத்து ஜன்னல் பாத்து உக்காருங்க, காத்து வரும். அத்திப்பட்டுல இறங்கி ஷேர் ஆட்டோ. உப்பங்கரைன்னா ஏத்திக்குவாங்க. கால்வாய்ப் பாலத்துல நிறுத்தச் சொல்லி நேரா நடந்தீங்கன்னா ஒரு டீக்கடை. அங்க தணிகாசலம் வீடு எதுன்னு கேளுங்க, யார் வேணா காட்டுவாங்க. எந்நேரம் போனாலும் பரவால்ல. வீட்லதான் இருப்பாரு."